உள்ளான் கணக்கு

பதிந்தது இருபத்திரண்டு பேர்.
வந்தது ஒன்பது,
அதிலும் பிறேமினியின் தம்பி
றோல்ஸுக்காக.

பெரியகரைச்சியில் நீர் வற்றி
உப்புப் பொருக்கு செருப்படியில் நொறுங்குகிறது.
தொலைநோக்கி இரண்டு.
ஒன்றில் இடக்கண் மட்டும் தெளியும்.
சின்னதெல்லாம் உள்ளான் என்றிருந்தவள் நான்;
இன்று காலின் நிறம் கேட்கிறார்கள்,
அலகு வளைவா நேரா என்கிறார்கள்.
வங்கியில் காசு எண்ணும் குகநேசன்
நூறு நூறாகக் கட்டுகிறார் பறவைகளை.
ஜெஸீமா பத்துப் பத்தாக.
முந்நூற்றுப் பத்து. இல்லை, இருநூற்றெழுபது.
சண்டை முடியுமுன்
மொத்தமும் எழும்பி
வெயிலில் ஒருக்கால் வெள்ளையாகி
மறுபடி சேற்று நிறமாகி
வேறெங்கோ இறங்கியது.

காவலரணிலிருந்து கடற்படைப் பொடியன் வந்தான்.
தொலைநோக்கியைப் பார்த்தான், எங்களை அல்ல.
பிரதேச செயலகத்துக் கடிதத்தை நீட்டினோம்.
வாசிக்கவில்லை.
"காலை அஞ்சரை. அப்ப நிறைய.
இப்ப நீங்க லேட்."
விரலால் காற்றில்
நீண்டு வளைந்த அலகொன்று வரைந்தான்.
"இது நாலு. ஒக்டோபர்ல இருந்து.
நேத்து மூணு."

அந்த அலகுக்கு நேரே
எங்கள் ஒன்பது பேரிடமும் இருந்தது பூச்சியம்.
அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன்.
அவதானித்தவர் பெயர்?
வேண்டாமென்று தலையாட்டினான்.
றோல்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு
துவக்கைத் தோளில் சரிசெய்து
திரும்பி நடந்தான்.

நாலாவதுக்கு என்ன நடந்ததென்று
சிங்களத்தில் கேட்கச் சொல் தேடுவதற்குள்
மேட்டில் ஏறிவிட்டான்.