நெட்டி

காலை ஆறு மணிக்கு வெர்சோவா ஜெட்டியில்
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
நிமேஷ் பாய் வந்தார்.
பின்னால் அவருடைய டிபன், அவருடைய டிரைவர்,
விலைச்சீட்டு இன்னும் கிழிக்காத தூண்டில் கழி.
வெங்காயம்கூட நுழையாத வீடு அவருடையது.
"பிடிப்போம், போட்டோ எடுப்போம், விட்டுடுவோம்.
சரிதானே?"
சரிதான் சேட்.

கரையோரம் அரை நாள் எட்டாயிரம்.
ஆழம் முழு நாள் இருபத்திரண்டு.
தண்ணீரும் ஐஸும் எங்கள் கணக்கு,
மீன் கடல் கணக்கு.
இதை நான் நான்கு பாஷையில் சொல்வேன்.
நான்கிலும் கடைசி வரிக்குச் சிரிப்பார்கள்.

சுக்கானில் ரமாகாந்த் டாண்டேல்.
படகில் பாதி அவனுடையது, மீதி வங்கியுடையது.
நான் தருவைகுளத்துக்காரன்.
எங்கள் பக்கம் சூரியனைப் பார்த்துக்கொண்டே கடலுக்குப் போவோம்,
இங்கே அதை முதுகில் வாங்கிக்கொண்டு போகிறோம்.
டீசல் நாற்றம் ஒன்றுதான்.

மத் கோட்டை சுண்டுவிரல் நகமளவு ஆவதற்குள்
சேட் மூன்று முறை வாந்தியெடுத்தார்.
நான்காவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.
நிழலில் துண்டை விரித்துப் படுக்க வைத்தேன்.
தூங்கிவிட்டார்.
இருபது பாகத்தில் அவருடைய கழி
அவருடைய பெயரில் விழித்திருந்தது.

பத்து நாற்பதுக்கு ரீல் அலறியது.

எழுப்பினேன். எழவில்லை.
இடுப்பில் கழியை முட்டுக்கொடுத்து நான் இழுத்தேன்,
அது இழுத்தது,
கை சிவந்து, பச்சைத் தண்ணீருக்குள்
முதலில் ஒரு வெளிச்சம், அப்புறம் அதற்கு ஒரு தலை.

கூறல்.

ரமாகாந்த் இஞ்சினை அணைத்தான்.
அணைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

பதினெட்டு கிலோ இருக்கும்.
ஆழத்திலிருந்து ஏறிய வேகத்தில் வயிறு உப்பி,
குடல்பை வாய்க்குள் பிதுங்கி நின்றது.
உள்ளே நெட்டி, காற்றடைத்த வெள்ளைப் பை.
சசூன் டாக்கில் அதை இரண்டு விரலால் அழுத்தி,
ஆணா பெண்ணா என்று கேட்டு,
அப்புறம் குரலைத் தாழ்த்தித்தான் விலை பேசுவார்கள்.
"தோன் ஹப்தே" என்றான் ரமாகாந்த் மூச்சுக்குள்.
இரண்டு தவணை.

அப்போதுதான் சேட் எழுந்து வந்தார்.
ஒற்றை விரலால் செதிலைத் தொட்டுவிட்டு
விரலை வேட்டைக்காரனைப் போல் அல்ல,
சுடுபாலில் பட்டவரைப் போல எடுத்துக்கொண்டார்.
போட்டோ ஆயிற்று.
"விட்டுடுங்க."

விட்டால் மிதக்கும், என்றான் ரமாகாந்த்.
காற்று அதைக் கீழே போகவிடாது.
பருந்து முதலில் கண்ணைக் கொத்தும்.
விடுவதும் கொல்வதும் ஒன்றுதான் சேட்,
எங்களிடம் கொடுத்தால் ஒரு வீட்டுக் கடனாவது குறையும்.
அத்தனையும் உண்மை.
ஒரு பொய்கூடக் கலக்காமல் அவன் எதையும் கேட்டு
நான் பார்த்தது அன்றுதான்.

சேட் என் பக்கம் திரும்பினார்.
"வேற வழியே இல்லையா?"

இல்லை என்பதற்கும் எனக்கு நான்கு பாஷை தெரியும்.
"ஒண்ணு இருக்கு" என்றது என் வாய்.

கருவிப் பெட்டியில் ஒரு தடித்த ஊசி.
போன வருஷம் ஒரு வெள்ளைக்காரர்
எனக்குக் காட்டிக்கொடுத்து, விட்டுப்போனது.
பக்கத் துடுப்புக்குப் பின்னால்
ஒரு செதிலை நிமிர்த்தி, சாய்வாக.
நெட்டியில் துளை விழுந்தால்
தரகன் கையால்கூடத் தொடமாட்டான்.

உஸ்ஸென்று இறங்கியது.
சைக்கிள் டியூபில் வரும் சத்தம்தான்,
கொஞ்சம் சேற்று வாடையோடு.
ரமாகாந்த் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான்.
அங்கே ஒன்றுமில்லை.

தண்ணீரில் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன்.
வாலால் என் முகத்தில் அடித்துவிட்டுக் கீழே போனது.
பிழைத்ததா என்று கேட்காதீர்கள்,
இருபது பாகம் அடியில் எனக்கு யாரையும் தெரியாது.

சேட் கைகூப்பினார். பிறகு பசி வந்து
ஆறு தேப்லா சாப்பிட்டார்.
ஜெட்டியில் ஆளுக்கு ஐந்நூறு.
போட்டோவில் அவரும் மீனும்;
ஓரத்தில் என் முழங்கை மட்டும்.

கரைவரை ரமாகாந்த் பேசவில்லை.
அடுத்த சனிக்கிழமை அவனே போன் செய்தான்,
முழு நாள், மூன்று பேர், ஐந்தரைக்கு வா.
வந்தேன்.
கருவிப் பெட்டியைத் திறந்தேன்.
ஸ்பானர் இருந்தது, இடுக்கி இருந்தது,
ஊசி இல்லை.

நான் கேட்கவில்லை.
அவன் சுக்கானைப் பிடித்திருந்தான்.
இறாலை எடுத்துக்
கொக்கியில் கோக்க ஆரம்பித்தேன்.