எட்டாம் வாரம்

ஓசூரில் பழைய சாமான் கடையில்
மகள் கண்டெடுத்து அனுப்பிய உறைக்குள்
நாலு வட்டு.
அட்டையில் கருப்புக் குடையோடு
இன்ஸ்பெக்டர் தேவசகாயம்.
அச்சு மங்கி
மீசை மட்டும் நரைத்திருந்தது.

பதின்மூன்று வாரம், செவ்வாய்க்கிழமை ராத்திரி,
கிருஷ்ணகிரி பழையபேட்டையே
கதவைச் சாத்திக்கொண்டு பார்த்த தொடர்.
கொன்றது யாரென்று இப்போது தெரியும்.
தெரிந்தபின் பார்ப்பது வேறு வேலை.
முதல் வாரத்திலேயே அவன்
எல்லாருக்கும் டீ ஊற்றுகிறான்,
தன் டம்ளரை மட்டும் துடைத்து வைக்கிறான்.
அன்றைக்கு இதை யார் கவனித்தது?
அடுப்பில் குழம்பைத் தாளித்தபடி
முதுகால் பார்த்தவள் நான்.

சென்றாயன் பக்கத்தில் உட்கார்ந்து
நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.
ஏழு முடிந்தது. எழுந்தார்.
"மோட்டார் போட்டுட்டு வரேன்."

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில்
சொல்லாமல் போய் மோட்டார் போட்ட மனுஷன் இல்லை.

எட்டாம் வாரம் நான் பார்க்காதது.
தொண்ணூற்றிரண்டு, ஆடி மாசம்.
தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்திருந்தது.
பெரியவளுக்குக் காய்ச்சல், நெற்றியில் ஈரத்துணி.
காவேரிப்பட்டணம் போய்
திம்மராயன் வீட்டில் பார்த்துவிட்டு வருவதாக
மொபெட்டை எடுத்தவர்
பதினொன்றே முக்காலுக்கு வந்தார்.
சட்டையைக் கழற்றுமுன் கதை சொன்னார்.

என்ன கதை அது!
உப்பு வியாபாரியைத் தொடர்ந்து
தேவசகாயம் புளி மூட்டைகளுக்கு நடுவே
லாரியில் படுத்துப் போகிறார்.
வாய் பேசாத பால்காரன்
ஒரே ஒரு வார்த்தை பேசுகிறான்.
பாதாளக்கரண்டி விட்டுத் துழாவினால்
கிணற்றிலிருந்து ஏறி வருகிறது குடை,
விரிந்தபடியே.

அதன்பிறகு ஆறு மாசம்
இருட்டில் கிணற்றடிக்கு நான் தனியாகப் போகவில்லை.
ஒன்பதாம் வாரம் கேட்டேன்,
கிணற்றுக் குடையைப் பற்றிப் பேச்சே காணோமே?
"வேணும்னே மறைச்சு வெச்சிருக்கான்" என்றார்.
பதின்மூன்று வரை காத்திருந்தேன்.

இப்போது எட்டு ஓடுகிறது.
மழை. கோர்ட்டு டைப்பிஸ்ட்டின் அறை.
அந்த ஒரே அறை. அவளும் தேவசகாயமும்
இருபத்திரண்டு நிமிஷம்.
கிணறு இல்லை. லாரி இல்லை.
பால்காரன் என்று ஒருத்தன்
தொடரிலேயே கிடையாது.
நிறுத்தினேன். பின்னால் ஓட்டி
மறுபடி பார்த்தேன்.

அந்தச் சட்டையை மறுநாள் ஊறவைத்தது நான்தான்.
கைமடிப்பில் மஞ்சளாகக் கறை.
மாங்கூழ் பாக்டரிக்காரர் சட்டையில்
எந்தக் கறையை எதற்கென்று பிரிப்பது?
அந்த மாசம் சீட்டுப் பணத்தில் நூற்றைம்பது குறைந்தது.
திம்மராயன் போய்ப் பத்து வருஷமாகிறது,
சாட்சிக்கூண்டு காலி.

மலையடிவாரத்தில் சீட்டு ஆடியிருக்கலாம்.
ஒருத்தி இருந்திருக்கலாம்.
ஒன்றுமே இல்லாமல்
டேம் கட்டைச் சுவரில் தனியாக உட்கார்ந்திருக்கலாம்.
ஏனோ அதுதான் அதிகம் கோபம் வருகிறது.

ஆனாலும்
மொபெட்டில் பத்து மைல்கூட வராத ரோட்டில்
புளிவாசம் அடிக்கிற அளவுக்கு
ஒரு கதையைக் கட்டியிருக்கிறார்.
நிஜ எட்டு அதன் கால்தூசி பெறாது.

செருப்புச் சத்தம்.
கையைத் துண்டில் துடைத்தபடி வந்து
உட்கார்ந்தார்.
கடலைத் தட்டைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.

"கிணறு வந்துச்சா?"

ரிமோட் என் கையில்.
திரையில் டைப்பிஸ்ட் பாதி மூடிய கண்ணோடு
உறைந்து நிற்கிறாள்.

"வந்துச்சு" என்றேன்.
"பால்காரன் நல்லாப் பேசினான்."

ஒரு கடலையை உரித்தார்,
வாயில் போடவில்லை.
ஒன்பதைப் போட்டேன்.
மேலே தொட்டி நிரம்பி
ஓட்டுக்கூரையில் தண்ணீர் கொட்டுகிறது.
இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.