மூக்கிலிருந்து நடந்தவை

மூக்கில் பிறந்து
மூளைக்கு நடந்தே போன செல்கள்.
எலிக்கு எண்ணூறு;
ஒரு பந்திக்குக்கூடக் காணாது.

லீல் நகரத்து ஆய்வகம். வெளியே மழை.
கிழட்டு எலியின் மூளைச் சீவலில்
பச்சையாய் ஒளிர்வதை எண்ணுகிறாள் பெரின்.
நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினால் நாற்பது.

சூலகத்துக்கும் விந்தகத்துக்கும்
நாழிகை தப்பாமல் ஆள் அனுப்பியவை
ஞாபகத்துக்கும் காவலிருந்தன என்று
ஓய்ந்த பிறகுதான் தெரிகிறது.

வீட்டில் தம்பி திபோ,
இருபத்தொன்றாம் குரோமோசோம் ஒன்று கூடுதலாய்ப் பிறந்தவன்.
அடுப்பில் சிக்கரி கருகுகிறது, பக்கத்திலேயே நிற்கிறான்.
மணம் போய் வருஷமாச்சு.
கையில் கட்டிய பம்ப்
இரண்டு மணிக்கொரு தரம் டிக் என்கிறது,
மறந்த வரியை
ஓரத்திலிருந்து எடுத்துக்கொடுப்பதுபோல.

ஆறாம் மாதம்.
இன்றும் கருகல் தெரியவில்லை அவனுக்கு.
கோப்பையைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்:
"முந்தாநாள் நாற்பத்தொன்று என்றாயே,
அந்த ஒன்று என்ன ஆச்சு?"