எம்

ஹெப் நகரச் சந்தையில் எங்கள் கடை எண் நாற்பத்தொன்று.
வாசலில் சிவப்புக் குல்லாய் போட்ட குள்ளர் பொம்மைகள்.
எல்லை தாண்டி ஜெர்மன்காரர்கள் வருவார்கள்,
தோட்டத்தில் நிறுத்திவைக்க வாங்கிப் போவார்கள்.
பனி விழுந்தால் முதலில் குள்ளர்களை உள்ளே எடுப்போம்,
பெயின்ட் உரிந்துவிடும்.
பிறகுதான் நாங்கள்.

என் பெயர் ஹ்வாய்.
முதல் வகுப்பில் திருமதி கொபெட்ஸ்கா
மூன்று முறை முயன்றார். தும்மல்தான் வந்தது.
"நீ பிளாங்காவாக இரேன்" என்றார். கெட்டவர் இல்லை.
பிளாங்காவுக்குக் கணக்கு வந்தது, பனிச்சறுக்கு வந்தது,
பன்றிக்கறியோடு மாவுருண்டையும் பிடித்துப்போனது.

வீட்டு மொழியில் 'நான்' என்று ஒன்று இருக்கிறது,
வீட்டுக்குள் எடுத்தால் அம்மாவின் முகம் சுருங்கும்.
எதிரே யார் நிற்கிறார்களோ அதைப் பொறுத்தது எல்லாம்.
அம்மாவிடம் நான் பிள்ளை.
செருப்புக்கடை துங் சித்தப்பாவிடம் அண்ணன் மகள்.
யாருமில்லாத அறையில் என்ன என்று கேட்காதீர்கள்,
சொல்லிப் பார்த்ததில்லை.

செக் மொழியில் ஒரே 'நான்'.
மேயரிடமும் அதுதான், நாயிடமும் அதுதான்.
முதலில் குளிராக இருந்தது.
பிறகு, உண்மையைச் சொன்னால்,
பள்ளிப் பை இல்லாமல் நடப்பது போல.

தம்பி வோய்தா இங்கே பிறந்தவன்.
அவனிடம் அந்த ஒற்றை 'நான்' மட்டும்.
என்னைப் பிளாங்கா என்றே கூப்பிடுகிறான்.
எங்கள் மொழியில் தம்பி, அக்காவிடம்
தன்னை 'எம்' என்று சொல்ல வேண்டும்.
அவன் எம் ஆகாதவரை
நான் அக்கா ஆவதில்லை.
இலக்கணம் அப்படி.

நேற்றிரவு அப்பாவுக்கு வந்த வரிக் கடிதத்தை
வரிவரியாகப் பெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
'தாமதக் கட்டணம்' என்று எப்படிச் சொன்னாலும்
அவர் தலை குனியும்.
அதனால் தொகையில் ஒரு பூஜ்யத்தை விழுங்கினேன்.
விழுங்கியதை எப்படிக் கட்டுவேன் என்று
இன்னும் யோசிக்கவில்லை.

ஷட்டர் தடதடத்தது.
யாரது என்றேன், எந்த மொழியில் என்று நினைவில்லை.
கால்பந்துப் பயிற்சி முடிந்து அவன், வாய் நிறைய ரொட்டி.
"தோ ஸெம் யா", நான்தான், என்று
செக்கில் சொல்லியிருப்பான்.
தகரம் தாண்டி வந்து சேர்ந்தது
நடுவிலிருந்த ஓசை மட்டும்:
எம்.

தவறாகக் கேட்டேன் என்று தெரியும்.
ஆனாலும் அக்காவாகத்தான் எழுந்து போனேன்,
குளிரில் இறுகிய கொண்டியை
இரண்டு கையாலும் தூக்க.
"ஏன் இவ்வளவு நேரம்?" என்றான், செக்கில்.
சிவப்புக் குல்லாயின் மேல் பனி.

"உள்ளே வா, பெயின்ட் உரிந்துவிடும்" என்றேன்,
எங்கள் மொழியில்.