இடப்பக்கம் முதலில்

குளுகோர் அடுக்ககத்தின் கீழ்த்தளம், பி பதினேழு.
எண்ணெய் சிந்தினால் ஐம்பது ரிங்கிட் என்கிறது பலகை.
பழைய அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தேன்.

பாலத்தின் ஒவ்வோர் இணைப்பிலும்
டொக் என்றது மைவி, ஓராண்டாக.
"முன் அப்சோர்பர். எண்ணூறு ஆகும்,"
டயரைக்கூடத் தொடாமல் சொன்னான் பட்டறைக்காரன்.

போல்ட்டின் தலையில்
மகளின் நகப்பூச்சால் ஒரு ரோஸ் கோடு:
திரும்பி வரும்போது இதே இடத்தில் நிற்க வேண்டும்.
முதல் நட்டு வந்தது.
இரண்டாவதற்கு ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி
ஏறி மிதித்தேன்.

பிரேக் தன் குழாயில் தொங்கக் கூடாது.
கட்டக் கயிறில்லை.
கைப்பையில் கிடந்தது
பாயான் லெப்பாஸ் ஆலையின் கழுத்துப்பட்டி;
மார்ச்சில் அனுப்பியபோது
திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள்.
சக்கரக் குழிக்குள்
என் படம் சிரித்தபடி ஆடியது.

பழையதை அழுத்தினேன்.
தாழ்ந்தது. எழவில்லை.

சுருளை அமுக்கும்போது மட்டும்
முகத்தை விலக்கிக்கொண்டேன்.
இரண்டு கொக்கிகளுக்கு நடுவே
அவ்வளவு அமைதியாக இருந்தது,
அதுதான் பயம்.
லிப்ட்டுக்கு நின்ற மிஸ்டர் கூய்
ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியேறினார்.

மஃரிப் பாங்கின்போது வலப்பக்கமும் முடிந்தது.
முன்னால் இரண்டு விரல் உயர்ந்துவிட்டது வண்டி.
விளக்கைப் போட்டதும்
வெளிச்சம் நேரே காவல் கூண்டுக்குள் போய்
தாப்பாவின் கண்ணில் விழுந்தது.
ஒரு கையால் முகத்தை மறைத்து
மறு கையால் தடையைத் தூக்கினார்.

பாலம்.
முதல் இணைப்பு, சத்தமில்லை.
இரண்டாவது, இல்லை.
மூன்றாவதில்
பின்னாலிருந்து
டொக்.