இரண்டு கிலோமீற்றர் மட்டு

மஹ்ஜூப் காக்கா வட்டம்தான் கீறினார்,
கொத்து சுற்றும் தாளில்,
மாக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து.
"இதுக்குள்ள கொண்டு போனா காசு கேக்கப்படாது மனே.
ரெண்டு கிலோமீற்றர். சுத்திவர."

இணைந்த கணிதத்தில் இரண்டு முறை விழுந்தவன் நான்.
மூன்றாம் முறைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.
ஆனால் என் ஸ்கூட்டிக்கே தெரியும்,
காத்தான்குடியில் யாரும் வட்டமாய்ப் போவதில்லை.

பிரதான வீதியில் வடக்கு, தெற்கு.
குறுக்கொழுங்கையில் கிழக்கே கடல், மேற்கே வாவி.
கடைதான் உற்பத்தி. பூச்சியம், பூச்சியம்.
இரண்டு தகடும் கல்லில் தாளம் போடுகிற இடம்.
கடல் பக்கம் நேர், வாவிப் பக்கம் மறை.
பெற்றோலுக்குக் குறி தெரியாது.
மறை ஒரு கிலோமீற்றருக்கும் அதே காசுதான்.
அதைத்தான் மட்டு என்று சொல்லி
இரண்டு பக்கமும் கம்பு நட்டு வைத்திருக்கிறது புத்தகம்:
எந்த முகத்தோடு உள்ளே போனாலும்
வெளியே வரும்போது நேர்.

கல்முனையிலிருந்து வருகிற பஸ்ஸின் நெற்றியிலும்
அதே சொல்.

வட்டத்துக்குள் நான்கு முனைகளை இணைத்தேன்.
மட்டு எக்ஸ் சக மட்டு வை
இரண்டிலும் சிறிது அல்லது சமன்.
நூல் கட்டாத பட்டம் போல
முனையில் நிற்கிற சதுரம்.
வட்டத்தில் மிஞ்சியது
வத்தகைக் கீற்றாய் நான்கு துண்டு.
அதில் குடியிருப்பவர்கள் எல்லாரும் எனக்கு நட்டம்.
ஜெஸீமா தாத்தா வீடு:
கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்றரை.
காகத்துக்கு இரண்டுக்குள்.
எனக்கு இரண்டரை.

காக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
எண்ணெய் பட்ட இடத்தால்
மின்குமிழ் தெரிந்தது.
"அப்ப கோட்டில இருக்கிறவன்?"

இரண்டு முறையும் நான் புள்ளி விட்ட இடம் அது.

"சமனும் சேரும் காக்கா."
"சேராது. குறைய என்டா குறையத்தான்.
கோட்டில நிண்டா அறுபது ரூபா."

அழித்துவிட்டு முறிகோடாகக் கீறினேன்.

எனக்குத் தெரிந்து கோட்டில் இருப்பது ஒரு வீடு.
மேற்கே அரை, தெற்கே ஒன்றரை.
ஆஸ்பத்திரியில் இராக்கடமை செய்கிற நுஸ்கியா.
வியாழக்கிழமைகளில்
முட்டை போடாத அரைக் கொத்து.
அறுபது ரூபாயைச் சில்லறையாய் எண்ணினாள்,
விரல்களில் கையுறை மாவு.
"போன கிழமை இல்லையே இது?"
"போன கிழமை முழுக்கோடு" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
ஏன் சிரிக்க வேண்டும்?

அதற்குப் பிறகு கேட்கவில்லை.
பெட்டிக்குள் என் அறுபதைப் போட்டுவிட்டு
வீட்டில் தாளை விரித்து
ஓர் இடைவெளியைப் பேனையால் நிரப்புவேன்.
ஏழு வியாழன்.
தென்மேற்குப் பக்கம் ஏறக்குறைய முழுக்கோடு.

இன்னொன்று.
சதுரத்தின் இரண்டு முனை தண்ணீரில் கிடக்கிறது,
ஒன்று கடலில், ஒன்று வாவியில்.
சமனிலிக்கு ஊர் முடிகிற இடம் தெரியாது.
நிழற்றுக என்றால் தண்ணீரையும் நிழற்றத்தான் வேண்டும்.
தீர்வு இருக்கிறது, வாங்குவதற்கு ஆள் இல்லை
என்றுதான் நினைத்திருந்தேன், நேற்று இரவு வரை.

"நாங்க தோணிக்குள்ள. நாலு கொத்து."
"எவடத்த?"
"வாவிக்குள்ளதான் தம்பி, இறாலுக்கு வந்த."

மட்டுக்கட்டிப் பார்த்தேன்.
மேற்கே ஒன்று தசம் நான்கு, வடக்கே தசம் இரண்டு.
ஒன்று தசம் ஆறு.
உள்ளேதான். காசு கேட்க முடியாது.

ஒழுங்கை முடிகிற இடத்தில்
லைற்றை மூன்று தரம் அணைத்து எரித்தேன்.
இருட்டில் ஒரு விளக்குத் திரும்பியது.
தெற்கே வந்து பிறகு கிழக்கே திரும்பவில்லை.
ஒரே சரிவாய், நேரே என்னிடம்.
அங்கே ஒழுங்கைகள் இல்லை.
துடுப்புக்காரனுக்கு
காக்காவின் கிண்ணம் சரி.

கொத்து ஆறிப் போயிருந்தது.
அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.
ஈரமான ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் கொஞ்சமும்
ஒரு கை இறாலும் தந்தார்கள்.

திரும்பி வந்து வாவிப் பக்கத்தைப் பென்சிலால் நிழற்றினேன்.
எண்ணெய் ஊறிய இடத்தில்
பென்சில் பிடிக்கவில்லை.