அனுப்புநர்

வெளிநாட்டவர் படிவத்தில்
வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில்
இரண்டு பேரும் ஒரே பொய்யை எழுதினார்கள்:
ஆத்தங்குடி ஓடு வாங்க.

ஒருவர் முகப்பு வழியாக வந்தார்,
ஒருவர் பின்கட்டு வழியாக.
கானாடுகாத்தான் வீடுகளுக்கு வாசல் ஒரு தெருவில்,
கொல்லை இன்னொரு தெருவில்.
விடுதியான பிறகும் அது மாறவில்லை.

அவர்கள் நாடுகளுக்குள் தூதரகம் இல்லை, விமானம் இல்லை.
எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால்
போக்குவரத்து இல்லை.
பாகம் பிரித்த பங்காளிகள்
சாவுக்கும் போகாமல் இருப்பார்களே, அது.

கொடி கூடாது, பெயர்ப்பலகை கூடாது,
நாற்காலி இரண்டும் ஒரே உயரம் என்று உத்தரவு.
பர்மாத் தேக்கில் பதினாறு கிடக்கின்றன,
எதற்கும் ஜோடி இல்லை.
ஒன்றின் காலடியில்
பழைய படிவங்களை மடித்து வைத்தேன்.

மூன்று நாள்.
இரண்டாம் நாள் நண்டு ரசத்தில்
இருவருக்கும் கண்ணில் நீர் வந்தது.
ஒரே நேரத்தில் மோர் கேட்டார்கள்.

நாலாம் அறையிலிருந்து பதினொன்றுக்கு
சீட்டு கொண்டுபோனது நான்தான்.
பிரித்துப் பார்க்கவில்லை என்றால் நம்பாதீர்கள்.
தெரியாத எழுத்து, பத்தொன்பது வரி.
திரும்பி வந்த சீட்டில் பதினெட்டு.
ஏழாவது இல்லை,
கொக்கி மாதிரி முடியுமே, அந்த வரி.

அடுத்த மாதம் பேப்பரில்
பதினெட்டு மாலுமிகள் விடுதலை.
அதன் கீழேயே
'அந்த நாட்டோடு எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை.'

பிறகு ஒரு பார்சல்.
பதினொன்றாம் அறைக்காரர்
நாலாம் அறைக்காரரின் மூக்குக்கண்ணாடியை
மாற்றி எடுத்துப் போய்விட்டாராம்.
அங்கிருந்து அங்கே தபால் கிடையாது.
எங்கள் ஊரிலிருந்து இரண்டுக்கும் உண்டு.
மேல்தாளைக் கிழித்தேன், வேறு தாள் சுற்றினேன்.

பதிலுக்கு இவர் கண்ணாடி வந்தது,
கூடவே முட்டிவலித் தைலம்.
அதற்குப் பதில் தேயிலை.
யாரும் கடிதம் வைக்கவில்லை.

நேற்று வந்தது சின்னப் பெட்டி.
உள்ளே நின்றுபோன கைக்கடிகாரம்,
வாரில் உப்புப் பூத்திருந்தது.
பின்புறம் ஆணியால் கீறிய பெயர்.
படிக்கத் தெரியாது எனக்கு.
கொக்கி தெரிந்தது.

பருத்தித் துணியில் மூன்று சுற்று சுற்றினேன்.
தபால் நிலையத்தில் வள்ளிக்கண்ணு
படிவத்தை நீட்டினாள்.
அனுப்புநர்: மு. பூமயில், கானாடுகாத்தான்.
உள்ளிருப்பது: ஆத்தங்குடி ஓடு, மாதிரி, விலையில்லை.

தராசைப் பார்த்தாள்.
'ஓடுங்கிற, இவ்வளவுதான் கனக்குதா?'

'உடைஞ்ச துண்டு' என்றேன்.